எண்ணிக்கைக்குள் அகப்படாத எலியேசர்

எமது பாடசாலையிலிருந்து தேர்ஸ்டன் வீதி விஞ்ஞான பீடத்துக்குக் கணிதம் படிக்கச் சென்ற மூத்த மாணவியர் பேராசிரியர் சி. ஜே. எலியேசரை நன்கறிவர். பின்வந்த எமக்கு அவர் பெயர் மட்டுமே தெரியும். நூற்றாண்டு மலரில் அவரை நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு விஞ்ஞானியின் உழைப்பை மேற்கோள்களை எண்ணி மதிப்பிடும் இந்நாளில், அந்த எண்ணிக்கை எதைக் காணும், எதைத் தவறவிடும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எமக்குக் கிட்டவில்லை.

1918இல் பிறந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கற்றுக் கேம்பிறிட்ஜ் சென்று, டிராக்கிடம் ஆய்வு செய்தார். அணுக்கருவைச் சுற்றும் இலத்திரன் சக்தியைக் கதிர்த்து இழப்பதால் கருவுக்குள் விழுந்துவிடும் என்பது பழைய பௌதிகவியலின் முடிவு. தன் கதிர்ப்பினால் இலத்திரன் மீது ஏற்படும் விசையையும் சேர்த்து 1938இல் டிராக் ஒரு சமன்பாடு எழுதினார். அதை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்த எலியேசர், 1943இல் விசித்திரமான ஒன்றைக் காட்டினார். புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் செல்லும் இலத்திரன் அதை அடைவதேயில்லை. வழியிலே திரும்பி, கூடிக்கொண்டே போகும் ஆர்முடுகலுடன் ஓடிவிடுகிறது! இயற்கையில் அப்படி நடப்பதில்லை. ஆகவே குறை சமன்பாட்டில்தான். ஆசானின் சமன்பாட்டில் மாணவன் கண்ட குறை அது. 1948இல் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் அவரே மாற்றுச் சமன்பாடொன்றை முன்வைத்தார்.

நெடுங்காலத்தின் பின் 1991இல் போர்ட், ஓ'கொனல் என்னும் இருவர் வேறு வழியால் அதே வடிவத்தை அடைந்தனர். பெருவலு லேசர்க் கதிரில் இலத்திரன் எவ்வாறு அசையும் என்று இன்று கணினியில் கணிப்போர் ஒப்பிட்டுப் பார்க்கும் சமன்பாடுகளில் ஒன்று எலியேசர்–போர்ட்–ஓ'கொனல் என மூவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. லேசர் பிறக்குமுன் எழுதப்பட்ட கட்டுரை அது. (லேசர்த் துறையில் ஷாலோம் எலியேசர் என்ற இஸ்ரேலிய அறிஞரும் உள்ளார். பெயரை மட்டும் பார்த்துத் தேடுவோர் கவனிக்க.)

அவருடைய பிற்கால ஆய்வு முற்றிலும் வேறு துறை. 1976இல் கிரே என்பவருடன் சேர்ந்து, நேரத்தோடு தன்மை மாறும் அலைவில் மாறாமல் நிற்கும் ஒரு கணியம், உண்மையில் கற்பனையான தளவியக்கமொன்றின் கோண உந்தமே என்று எளிமையாக விளக்கினார். 1981இல் பிரின்ஸ் என்பவருடன் கெப்லரின் கோளியக்கத்திலுள்ள சமச்சீர்களை ஆராய்ந்தார். இக்கட்டுரைகளைத் தேடி வருவோர் வேறு வாசகர்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். யூஜின் கார்பீல்டின் விஞ்ஞான மேற்கோள் சுட்டி வெளிவந்தது 1964இல். ஹேர்ஷ் என்பவரின் சுட்டெண் 2005இல் வந்தது. தலா பத்து மேற்கோளேனும் பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் அச்சுட்டெண் 10. அதன்படி எழுபது ஆண்டுகள் உயிரோடிருக்கும் ஒரு கட்டுரையும் கூட்டுவது ஒன்றைத்தான். 1949 முதல் 1959 வரை கொழும்பில் பேராசிரியராக இருந்து அவர் கற்பித்த பத்து ஆண்டுகளோ எந்தச் சுட்டியிலும் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1958இல் கலவரம், 1959இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகம் சென்றார். வெள்ளவத்தையில் வளர்ந்தோருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. 1968இல் மெல்பேண் லா ட்ரோப் பல்கலைக்கழகம் சென்ற அவர், 2001இல் காலமானார். கட்டுரையின் மேற்கோள்கள் அதில் அச்சிட்ட முகவரிக்கே வரவு வைக்கப்படுவதால், 1976இன் கட்டுரை மெல்பேண் கணக்கில்தான் சேரும். அவரை உருவாக்கிய கொழும்புக்கு அதில் பங்கு கிடையாது.

எலியேசருக்கு ஒரு வசதி இருந்தது: அவருடைய பெயர் கடைசிவரை மாறவில்லை. எமது மாணவியர் பலர் தந்தையின் பெயரோடு பட்டம் பெற்று, முதற் கட்டுரையை வெளியிட்டு, மணமானபின் கணவர் பெயரோடு அடுத்ததை எழுதுகிறார்கள். சுட்டிக்கு அவர்கள் இருவர். கொட்டாஞ்சேனையில் ஒருத்தி, ரொறன்ரோவில் இன்னொருத்தி! பதவியுயர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பாதி உழைப்பு காணாமற்போனது தெரியவருகிறது. 2012 முதல் ஆய்வாளர்க்கு ஓர்கிட் எனப்படும் 16 இலக்க அடையாள எண் இலவசமாக வழங்கப்படுகிறது. பெயர் மாறினாலும் எண் மாறாது. பல்கலைக்கழகம் புகும் எமது தங்கையர் முதற் கட்டுரையை அனுப்புமுன் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே இரண்டு பெயரில் எழுதிய அக்காமாரும் பழைய கட்டுரைகளை அந்த எண்ணின்கீழ் சேர்த்துவிடலாம்.