காமாலை ஒன்று, வைரஸ் பல

கள்ளக்குறிச்சியானாலும் கல்வராயன் மலையானாலும், கண் மஞ்சளாச்சுன்னா முதல்ல நினைவுக்கு வர்றது கீழாநெல்லிதான். 1988-ல் சென்னை ஆய்வாளர் தியாகராஜன், நோபல் பெற்ற ப்ளம்பர்க்குடன் சேர்ந்து அதை ஹெபடைட்டிஸ் பி நோயில் சோதித்து 'லான்செட்' இதழில் எழுதினார். கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. பிற்பாடு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷமே, 1989-ல், ஹெபடைட்டிஸ் சி அடையாளம் காணப்பட்டது. பி-யின் மேலுறைப் புரதமே அதற்குத் தடுப்பூசி ஆனது. சி-க்கு இன்னும் தடுப்பூசி இல்லை. ஏன்?

சி வைரஸ், ஈ2 என்ற மேலுறைப் புரதத்தால் கல்லீரல் செல்லில் உள்ள சிடி81-ஐப் பற்றிக்கொள்கிறது. ஆன்டிபாடி அந்த இடத்தை அடைத்துவிட்டால் வைரஸ் உள்ளே போக முடியாது. ஆனால் ஈ2-வின் ஒரு முனை ஓயாமல் மாறுகிறது. மீதியைச் சர்க்கரை மூலக்கூறுகள் போர்த்தியிருக்கின்றன. நம்ம பாஷையில் சொன்னால், பழைய வெர்ஷனுக்கு எழுதின பேட்ச். மாறாத பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளும் உண்டு. தடுப்பூசி ஆராய்ச்சி அவற்றைத்தான் நம்பியிருக்கிறது.

அதனால் ஆன்டிபாடி பாசிட்டிவ்னா பாதுகாப்புன்னு அர்த்தமில்லை. ஆர்என்ஏ டெஸ்ட் எடுத்தால்தான் வைரஸ் இன்னும் இருக்கான்னு தெரியும். இருந்தால், பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். கண் மஞ்சளாகட்டும்னு காத்திருக்காதீங்க. சி பல வருஷம் மஞ்சளே காட்டாமல் இருக்கும்.