நிறமாலைப் பகுப்பாய்வியின் உள் அலையியற்றி

வீட்டில் கட்டும் ரேடியோ அலைவெண் நிறமாலைப் பகுப்பாய்வியில், உள்வரும் சிக்னலோடு கலப்பதற்கான அலையைத் தரும் சுற்று. வெஸ் ஹேவர்ட், டெர்ரி வைட் இருவரும் 1998இல் கியூ.எஸ்.டி. இதழில் வெளியிட்ட வடிவமைப்பு இதற்கு நல்ல சான்று. அதில் முதல் இடைநிலை அலைவெண் 110 மெகாஹெர்ட்ஸ். எனவே 70 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்க, அலையியற்றி 110 முதல் 180 மெகாஹெர்ட்ஸ் வரை நகர வேண்டும். நிலைத்தன்மை என்றதும் வெப்பத்தால் வரும் நகர்வே பலருக்கு நினைவில் எழும். உண்மையில், மெல்ல நகரும் கோட்டைத் திரையில் மீண்டும் நடுவுக்குக் கொண்டுவரலாம். நடுங்கும் கோட்டைச் சரிசெய்ய வழியில்லை. இவ்வளவு அகன்ற வீச்சை 14 வோல்ட் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்துக்குள் அடக்கினால் ஒரு வோல்ட்டுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் நகரும். கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தில் 1 மில்லிவோல்ட் இரைச்சல் புகுந்தாலே 5 கிலோஹெர்ட்ஸ் ஆட்டம். சிக்னல்களைப் பிரித்தறியும் 30 கிலோஹெர்ட்ஸ் அகல வடிகட்டிக்கு அது பொறுக்கும், 1 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டிக்குப் பொறுக்காது. ஆகவே அலைவெண்ணை நகர்த்தும் வேரக்டர் டையோடுக்குச் செல்லும் மின்னழுத்தத்தைத் தூய்மையாக்குவதே முதல் வேலை.

கட்டப்பூட்டு வளையம் (பி.எல்.எல்.) சேர்த்தால் போதாதா என்பது நியாயமான கேள்வி. நீண்டகால நகர்வை அது குவார்ட்ஸ் படிகத்தோடு கட்டிவிடும். ஆனால் வளையத்தின் அலைப்பட்டைக்கு வெளியே அலையியற்றியின் சொந்த இரைச்சலே ஆளுகிறது. வலுவான சிக்னலுக்குப் பக்கத்தில் மெலிந்த சிக்னலை மறைப்பதும் அதுவே. லீசன் 1966இல் தந்த மாதிரிப்படி, அதிர்வுச் சுற்றின் சுமையேற்றிய கியூ (தரக் காரணி) மதிப்பை இரட்டித்தால் அந்த இரைச்சல் சுமார் 6 டெசிபல் குறையும். வேரக்டரைத் தளர்வாக இணைத்தால் கியூ உயரும், வீச்சு சுருங்கும். அகன்ற பகுப்பாய்விக்கு இந்தப் பேரத்திலிருந்து தப்ப முடியாது. வீச்சை இரண்டு மூன்று பட்டைகளாகப் பிரிப்பதே, சற்றுச் சலிப்பூட்டினாலும், மேலான வழி.