கிடாரியா, காளையா?

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றே பொருள் கண்டவர் தமிழர். ஆயினும் காளை வேண்டுமா, கிடாரி வேண்டுமா என்ற கேள்விக்கு விடை எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. கொங்கு நாட்டில் ஏரும் வண்டியும் கமலை ஏற்றமும் காங்கேயம் காளையை நம்பியிருந்த நாளில், காளைக்கன்று பிறந்த வீடு மகிழ்ந்தது. உழவு இயந்திரமும் நீரிறைக்கும் பொறியும் வந்தபின் அக்கன்று வேலையிழந்தது.

மலாயாவுக்கு வந்த தமிழர் நிலையோ வேறு. தாசேக் கெலுகோர் போன்ற செபராங் பிறை வட்டாரங்களில் தோட்டத் தொழிலாளர் லயத்தோரம் கொட்டகை கட்டி மாடு வளர்த்தது உழுவதற்கன்று, பாலுக்காக. காலையில் ரப்பர் மரம் சீவி, மாலையில் புல்லறுத்து, கறந்த பாலை மிதிவண்டியில் கொண்டுபோய் விற்ற குடும்பங்கள் நம்மிடையே பல. கூலி பற்றாத வீட்டில் பிள்ளையின் பள்ளிச் செலவைத் தாங்கியது அந்தப் பால்தான். அங்கே பசு ஒன்பது மாதம் சுமந்து காளைக்கன்றை ஈன்றால் கறவை ஒன்று கூடவில்லை. கன்று இறைச்சி வியாபாரியிடம் போயிற்று. பசுவைத் தாயென்று போற்றுவோருக்கு இது சிறு துயரமன்று. அவர்கள் கொணர்ந்த மாடுகளின் வழிவந்த இனத்தை இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் ‘உள்ளூர் இந்தியக் கறவை’ என்றே வழங்குவர். நம் பெயர் நிலைத்த சில இடங்களுள் இதுவும் ஒன்று!

செயற்கைக் கருவூட்டல் இந்தியாவில் 1939இல் மைசூர் அரண்மனைப் பண்ணையில் சம்பத் குமரன் என்பாரால் தொடங்கப்பெற்றது. 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், சுமித், பார்க்ஸ் ஆகியோர் கிளிசரால் சேர்த்து விந்தணுவை உயிர் கெடாமல் உறையவைக்கும் வழி கண்டனர். நல்ல காளையின் வித்து இவற்றால் கடல் கடந்தது. ஆனால் பிறப்பது ஆணா பெண்ணா என்பதை இவை தொடவில்லை.

அதை முடிவு செய்வது தந்தையின் அணு. எக்ஸ் நிறப்புரி கொண்ட விந்தணு கிடாரியைத் தரும். ஒய் கொண்டது காளையைத் தரும். காளை மாட்டின் எக்ஸ் அணுவில் மரபுப் பொருள் ஏறத்தாழ 3.8 விழுக்காடு மிகுதி. இச்சிறு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டார், அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்து லாரன்ஸ் ஜான்சன். அணுக்களுக்கு ஒளிரும் சாயமேற்றி, ஒவ்வொன்றாக லேசர் கதிரின் முன் ஓடவிட்டு, ஒளிர்வின் அளவுகொண்டு இரு புறமாகப் பிரித்தார். 1989இல் முயல்களில் வெற்றி கிட்டியது. அடுத்த பத்தாண்டில் கன்றுகளும் பிறந்தன. பத்துக்கு ஒன்பது, விரும்பிய பாலே. இந்திய முயற்சியில் மேற்கு வங்க ஹரிங்கட்டாப் பண்ணையில் 2011 தொடக்கத்தில் பிறந்த ‘ஸ்ரேயஸ்’ ஒரு காளைக்கன்று என்பது வேடிக்கைதான். பின்னர் தமிழக அரசும் உதகமண்டலத்தில் இத்தகைய நிலையம் அமைத்தது.

எனினும் பொறிக்குள் ஓடிய அணுக்கள் நலிந்துவிடுகின்றன. வழக்கமான உறைவிந்துக் குச்சியில் 2 கோடி அணுக்கள் என்றால், பிரித்தெடுத்த குச்சியில் நெடுங்காலம் 20 இலட்சமளவே இருந்தன. விலை கூடுதல், சினை பிடிப்பது குறைவு. நூறு மாடுள்ள பண்ணைக்கு இது கணக்கேட்டில் ஒரு வரி. இரண்டு பசு வைத்திருப்பவருக்கோ, ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீனி வீண். ஆகவே, எளிதில் சினைப்படும் இளங்கிடாரிகளுக்கே இதனை முதலில் பரிந்துரைக்கின்றனர் கால்நடை மருத்துவர்கள். சிறு மாட்டுக்காரர் கொட்டகையில் நிற்பதோ, பெரும்பாலும் நாலைந்து ஈற்றுக் கண்ட பசு.