சோஸ்னி தோருகா சால்வை

காஷ்மீரின் நுண் ஊசிவேலையான சோஸ்னியில், இருபுறமும் பூவேலை ஒரே தெளிவோடு தெரியும்படி தைக்கப்படும் கம்பளிச் சால்வை. ஸ்ரீநகரும் பட்காம் மாவட்டமும் இக்கலையின் மையங்கள்.

உயர்தரச் சால்வைக்குத் துணி பஷ்மினா. லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் மேயும் ஆடுகளின் உள்மயிர் அது. இழையின் தடிமன் ஏறத்தாழ 12 முதல் 16 மைக்ரான். நெய்த துணிமேல் மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டையால் கோலம் பதிக்கிறார்கள். மாங்காய், சினார் இலை, பூக்கொடி ஆகியவை வழக்கமான உருக்கள்.

பிறகுதான் ஊசி. சட்டம் பூட்டுவதில்லை. கைவினைஞர் தரையில் அமர்ந்து, துணியை முழங்காலில் போட்டு, ஒவ்வொரு தையலுக்கும் சில இழைகளை மட்டுமே கோத்தெடுக்கிறார். முடிச்சு கிடையாது, நூல் நுனிகள் தையலுக்குள்ளேயே மறைந்துவிடும். ‘அக்சி’ வகை இன்னும் கடினம்: ஒரு பக்கம் சிவப்பாக இருக்கும் பூ மறுபக்கம் நீலமாக இருக்கும். ஒரு நிறம் அடுத்த பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

உடல் முழுதும் வேலை நிறைந்த ‘ஜாமா’ சால்வை முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

தறியிலேயே பூ நெய்யும் கானி சால்வைக்கு மலிவான மாற்றாக 19ஆம் நூற்றாண்டில் ஊசிவேலைச் சால்வைகள் பரவின. 1870-71 பிரான்சு–பிரஷ்யப் போருக்குப் பின் கானியின் ஐரோப்பியச் சந்தை சரிந்தது, ஊசிவேலை நிலைத்தது. காஷ்மீர் சோஸ்னிக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு.