கப்பல் டூர் போறீங்களா? டிக்கெட் போடும் முன் இதையெல்லாம் பாருங்க!

ரீல்ஸில் கப்பலின் மேல்தளத்து நீச்சல் குளத்தைப் பார்த்ததும் 'நாமும் ஒருமுறை போயிடணும்'னு தோணுதா? நல்ல ஆசைதான். சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் நாலரை மணி நேரத்தில் சிங்கப்பூர் போய்விடலாம். அங்கிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் என்று 3, 4 இரவுகளில் சுற்றிக்காட்டும் க்ரூஸ்கள் இருக்கின்றன. ஆனா, இது பஸ் பயணம் மாதிரி இல்லை. 'அடுத்த வண்டியில போய்க்கலாம்' என்ற பேச்சே கிடையாது. அதனால் கிளம்பும் முன்பே சில விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்.

விளம்பரத்தில் இருப்பது முழு விலை இல்லை

அதில் போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டு பேர் ஓர் அறையில் தங்கும்போது ஒருவருக்கான கட்டணம். தனியாகப் போகிறவர்கள் கிட்டத்தட்ட இரு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். அறை, பொது உணவகச் சாப்பாடு, நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சிகள் எல்லாம் பொதுவாகக் கட்டணத்துக்குள் வந்துவிடும். மது, ஸ்பெஷல் உணவகங்கள், வைஃபை, ஸ்பா, கரையில் ஊர் சுற்றுவது ஆகியவற்றுக்குத் தனி பில். துறைமுகக் கட்டணமும் வரியும் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பலரும் கவனிக்காதது 'டிப்ஸ்'. பல நிறுவனங்கள் இதை ஒருவருக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பில்லிலேயே சேர்த்துவிடும். உதாரணத்துக்கு, 15 டாலர் என்று வைத்துக்கொண்டால், 4 இரவுகளுக்கு இரண்டு பேருக்கு 120 டாலர் ஆகிவிடும்!

எந்த அறை எடுக்கலாம்?

தூங்க மட்டும்தான் அறைக்கு வருவீங்கன்னா, ஜன்னல் இல்லாத 'இன்டீரியர்' அறையே போதும். விலையும் குறைவு. கடலைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கணும்னா பால்கனி அறை. பயணத்தில் தலைசுற்றல், வாந்தி வரும் என்றால், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தள அறையைக் கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு.

விசாவில் கவனம்

சிங்கப்பூரில் கப்பல் ஏறி, வேறு நாடு போய், மறுபடியும் சிங்கப்பூரிலேயே இறங்கினால் அது இரண்டாவது நுழைவு. எனவே, விசா 'மல்ட்டிப்பிள் என்ட்ரி'யா என்று பாருங்கள். வழியில் வரும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் சரிபாருங்கள். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

ஒருநாள் முன்னாடியே போங்க

காலையில் விமானம், மாலையில் கப்பல் என்று திட்டம் போடாதீங்க. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் பெரும்பாலும் திரும்ப வராது. ஓர் இரவு ஹோட்டல் வாடகை அதைவிடக் குறைவுதான். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வர சில மணி நேரம் ஆகலாம். மருந்து, பாஸ்போர்ட், மாற்று உடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

போன் நேரத்தை நம்பாதீங்க

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் உங்க போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால்? '3 மணிக்குள் திரும்புங்கள்' என்று சொல்லியிருக்க, போனைப் பார்த்து 3 மணிக்கு வந்தால், கப்பலில் மணி 4! எனவே, இறங்கும் முன் அன்றைய அறிவிப்பில் எந்த நேரம் என்று பாருங்கள். அதிலேயே துறைமுக முகவரின் எண் இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த ஊருக்கு உங்க செலவில்தான் போகணும்.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள். தனி டாக்ஸியில் போனவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஃப்ளைட் மோடும் இன்ஷூரன்ஸும்

நடுக்கடலில் போன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் எகிறிவிடும். ஏறியதும் ஃப்ளைட் மோடு போட்டுவிடுங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால், அவருக்கும் தனி பில் உண்டு. அதனால், க்ரூஸையும் சேர்த்துக் கவர் செய்யும் பயணக் காப்பீடு அவசியம்.

இதை மட்டும் தவிர்க்காதீங்க

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். 'அப்புறம் பாத்துக்கலாம்'னு செல்ஃபி எடுக்கப் போயிடாதீங்க. 2012 ஜனவரியில் இத்தாலி அருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, கப்பல் புறப்படும் முன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி கட்டாயம் என்று விதி இறுகியது. லைஃப் ஜாக்கெட் எங்கே, ஆபத்தில் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று தெரிந்துகொள்ள சில நிமிடங்கள் போதும்.

பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம் நான்கே கேள்விகள்: மொத்தச் செலவு எவ்வளவு? விசா எத்தனை நுழைவு? கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்ப வரும்? வானிலையால் ஒரு துறைமுகம் ரத்தானால் என்ன செய்வீர்கள்? பதிலை வாய்வார்த்தையாக இல்லாமல் மெயிலில் வாங்கிக்கொண்டு, அப்புறம் டிக்கெட் போடுங்கள்!