கழிவும் நிலவுரிமையும்: நமுனுகுலத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

உணவுக் கழிவைப் பசளையாக்குதல் இன்று பெரும்பாலும் தனிமனித ஒழுக்கமாகவே போதிக்கப்படுகின்றது. கழிவாகும் பொருள் எந்த மண்ணின் வளத்தால் விளைந்தது, அம்மண் யாருக்கு உரியது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. ஊவாவின் நமுனுகுல மலைச்சாரற் பெருந்தோட்டங்களின் வரலாற்றினூடாக அவ்வினாக்களை நாம் அணுகலாம்.

1867இல் கண்டிப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைச் செய்கையைத் தொடங்கினார். அதே ஆண்டில் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில், மனிதர் உணவாகவும் உடையாகவும் நுகர்ந்தவை மண்ணுக்குத் திரும்புவதை முதலாளித்துவ உற்பத்தி குலைக்கின்றது என மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தமை தற்செயலே. ஆயின் முன்னதன் விளைவைப் பின்னது விளக்குகின்றது.

1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிய, ஊவாவிலும் தேயிலை பரவியது. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. கொழும்பு வழியாக இலண்டன் சென்ற தேயிலையோடு மலைமண்ணின் நைதரசனும் பொற்றாசியமும் சென்றன. அங்கு வடித்தெறியப்பட்ட சக்கை நமுனுகுலவுக்குத் திரும்பவில்லை. அவ்விழப்பை ஈடுசெய்ய வெளியிலிருந்து பசளை வாங்கவேண்டியதாயிற்று.

கழிவை மீட்கும் அறிவு இல்லாமலில்லை. பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கிக் கூட்டெரு ஆக்கும் முறையை இந்தூரில் வகுத்த அல்பேர்ட் ஹவார்ட் 1931இல் அதனை நூலாக வெளியிட்டார். லயத்துத் தொழிலாளரும் காய்கறித்தோலையும் சாம்பலையும் சாணத்தையும் தம் மரக்கறிப் பாத்திகளுக்கு இட்டுவந்துள்ளனர். பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்களின் கூலியற்ற உழைப்பும் இதில் அடங்கும். எனினும் அப்பாத்தி அவர்களுடையதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசிடம் சேர்த்தன, உழைத்தோரிடம் அல்ல. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குச் சென்றது. நிர்வாகம் கேட்டால் விட்டுக்கொடுக்கவேண்டிய மண்ணை ஆண்டுக்கணக்கில் வளப்படுத்த யார் துணிவர்?

இவ்வினாவைப் புறக்கணித்ததன் விளைவு 2021இல் வெளிப்பட்டது. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 251 மில்லியனாக வீழ்ந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் இதற்கு ஒரு காரணமாகும். எனினும் குறை கூட்டெருவில் இல்லை. அதனை ஆக்கும் கரங்களுக்கு நிலமும் நேரமும் அளிக்காது, வர்த்தமானி அறிவித்தலொன்றால் மண்வளத்தை மீட்க முனைந்ததிலேயே உள்ளது. கழிவை மண்ணிடம் சேர்ப்பதும், மண்ணை உழைப்போரிடம் சேர்ப்பதும் ஒரே வரலாற்றுப் பணியின் இரு கூறுகள் என்பதே நாம் இங்கு வந்தடையும் முடிவாகும்.