'ன்' போய் 'ர்' வந்த வழி

எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909ல் சென்னையில் அச்சாயின. ஆறாவது தொகுதியில், விருதுநகர், சிவகாசி வணிகர் பலர் பிறந்த சமூகத்தைப் பற்றிய நெடுங்கட்டுரை இருக்கிறது. அதன் தலைப்பு 'ன்' என்று முடிகிறது. மறவன், கள்ளன் என்று வேறு பல தலைப்புகளும் அப்படித்தான். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அது வெறும் தலைச்சொல். தமிழ்க் காதுக்கு அது 'அவன், இவன்'. அந்தச் சமூகத்துக்கு 1921ல் சென்னை அரசு ஏற்றுக்கொண்ட பெயர் 'நாடார்'. சாதிப் பெயர் மாறிய வரலாற்றை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969லேயே விரிவாக எழுதிவிட்டார். நான் தேடிப் போனது கடைசி எழுத்தை மட்டும்.

இந்த வட்டாரத்துப் பழைய காகிதங்களைத் தேடுகிறவர் முதலில் ஊர்ப்பெயரை மறக்க வேண்டும். 'விருதுநகர்' என்ற பெயர் 1923ல் வந்தது. அதற்கு முன் விருதுபட்டி. இராமநாதபுரம் மாவட்டம் பிறந்ததே 1910ல். அதுவரை சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சிவகாசியும் திருநெல்வேலியைச் சேர்ந்தவை. கோயில் நுழைவுத் தகராறில் மூண்ட 1899 சிவகாசிக் கலவரத்தின் காகிதங்களைத் திருநெல்வேலித் தலைப்பில்தான் தேட வேண்டும்.

அதே 1910ல் பொறையாறில் நாடார் மகாஜன சங்கம் தொடங்கியது. சங்கத்தின் பெயரிலேயே 'ர்' உட்கார்ந்துவிட்டது. 'நாடான்' என்பது அதுவரை நிலமும் அதிகாரமும் உள்ள சில குடும்பங்களின் பட்டம். அதை எல்லாருக்கும் பொதுவாக்கியதோடு, ஒருமையையும் பன்மையாக்கியிருக்கிறார்கள். 1921ல் அரசு ஒப்புக்கொண்டது சங்கம் கேட்ட பெயரைத்தான்.

ஒரே ஒரு ஆளுக்குப் பலர்பால் விகுதி தகுமா? இது தொல்காப்பியர் காலத்திலேயே எழுந்த சிக்கல். அவர் 'எண்' என்று தனி வகை எதையும் வைக்கவில்லை. ஆண், பெண், பலர், ஒன்று, பல என ஐந்து பால். திணையும் எண்ணும் அதற்குள்ளேயே அடக்கம். வடமொழியில் இருப்பதுபோல 'இருமை' தமிழில் கிடையாது. கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா, ஒருவரையோ ஒன்றையோ பன்மையால் உயர்த்திச் சொல்வது வழக்கில் உண்டு, ஆனால் இலக்கண நெறி ஆகாது என்கிறது. படித்ததும் சிரிப்பு வந்தது. உலகம் அப்படித்தான் பேசுகிறது என்று அவருக்குத் தெரிகிறது. தடுக்க முடியாது என்றும் தெரிகிறது. கணக்கில் சேர்க்க மட்டும் மனமில்லை. பெயரியலிலோ 'ஒருவர்' என்ற சொல்லுக்கு இடம் கொடுத்து, அது பன்மை வினையையே ஏற்கும் என்கிறார். 'ஒரு' என்று தொடங்கிப் பலர்பாலில் முடியும் சொல்லை அவர் வேறு என்னதான் செய்வார்?

'கள்' கதை இன்னும் விசித்திரம். தொல்காப்பியத்தில் அது அஃறிணைப் பெயரோடு மட்டும் சேரும் விகுதி. குறளில் 263ல் 'மற்றையவர்கள்', 919ல் 'பூரியர்கள்' என்று ஆட்கள்மேல் ஏறிவிடுகிறது. குறளின் காலத்தைப் பின்னுக்குத் தள்ள வையாபுரிப்பிள்ளை போன்றோர் பிடித்த துருப்புகளில் இதுவும் ஒன்று.

ஏன் ஏறியது என்று கால்டுவெல் 1856ல் விளக்கினார். 'அவர்' மரியாதைக்காக ஒருவருக்கே போய்விட்டதால், உண்மையிலேயே பலரைச் சொல்ல இன்னொரு பன்மை தேவைப்பட்டது, 'அவர்கள்' வந்தது. பிறகு அதுவும் மரியாதைக்குப் போய்விட்டது. இப்பக்கத்தில் ஒரே ஒரு பெரியவரைப் பார்த்து 'அவுக வந்தாக' என்கிறோமே, அது இந்த இரட்டைப் பன்மையின் தேய்ந்த வடிவம். மரியாதைப் பன்மையை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்த்த இதே கால்டுவெல்தான் 1849ல், தாம் ஊழியம் செய்த, இதே சமூகத்துப் பனையேறும் மக்களைத் தாழ்த்தி ஒரு நூல் எழுதி, பின்னாளில் அவர்களுடைய கோபத்துக்கு ஆளானார்.

மரியாதை கேட்டுப் பன்மை இத்தனை அலைந்த ஊரில், எண்ணிக்கைக்கு அது தேவைப்படவேயில்லை. தீப்பெட்டிக் கணக்கில் 144 பெட்டி ஒரு குரோஸ், 600 பெட்டி ஒரு பண்டல். 'அறுநூறு பெட்டிகள்' என்று சிவகாசியில் யாரும் சுமை ஏற்றி நான் கேட்டதில்லை. பட்டாசுக் கடையில் 'ஆயிரம் வாலா ரெண்டு, புஸ்வாணம் அஞ்சு பாக்கெட்' என்றால் போதும். இதை நன்னூல் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்று வைத்திருக்கிறது: மரம் வளர்ந்தது, மரம் வளர்ந்தன, வினைதான் காட்டிக்கொடுக்க வேண்டும். ஆக, பொருளை எண்ணும்போது பன்மை விகுதி வருவதில்லை. ஆளுக்கு அந்த விகுதி வரும்போது எண்ணிக்கை இருப்பதில்லை.

1929ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. மூன்றாம் மாநாடு 1931ல் விருதுநகரிலேயே நடந்தது. பட்டம் போனால் 'ர்' போக வேண்டுமே என்று பின்தொடர்ந்தேன். போகவில்லை, இடம் மாறியிருந்தது. 1903ல் விருதுபட்டியில் பிறந்தவர் பின்னாளில் பட்டம் நீங்கிக் காமராஜ் என்றே அறியப்பட்டார். மக்களும் பத்திரிகைகளும் அவரைக் காமராஜர் ஆக்கின. 1985ல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்துக்கும் முதலில் வைத்த பெயர் காமராஜர் மாவட்டம். தலைவர்கள் பெயர்கள் நீக்கப்பட்ட 1997ல்தான் அது விருதுநகர் மாவட்டமானது.

செங்கல்பட்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னைப் பாண்டி பஜார் அவர் பெயரில் அமைந்தது; முழுப்பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. சாதிப் பட்டம் கழன்றுவிட்டது. ஆண்பால் 'ன்' அப்படியே நிற்க, அதன் தலைமேல் பலர்பால் 'ஆர்'.